மொயுன்ஜி ஏரியில் பெயர் தெரியாத நீர்ப்பறவையா? அடையாளம் காண ஒரு முழுமையான வழிகாட்டி

ஏரியில் இதுவரை பார்த்திராத ஒரு பறவை தென்பட்டால், அரிய பறவை ஒன்று கிடைத்துவிட்டது என்று மனம் துள்ளும். துள்ளட்டும். ஆனால் அடையாளம் காணும் வேலையை நேர் எதிர்த் திசையிலிருந்து தொடங்க வேண்டும். அது ஊரறிந்த பறவைதான் என்று நிரூபிக்க முழு மூச்சாக முயலுங்கள். பெண் பறவையா, இளம் பறவையா, இறகு மாற்றும் ஆணா, வீட்டு வாத்தா என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். எல்லாச் சோதனையிலும் தப்பி நிற்கும் பறவைக்குத்தான் அரிய பெயரைச் சூட்டலாம். இந்த ஒரு முறையைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் மொயுன்ஜி ஏரியிலிருந்தே தருகிறேன். ரங்கூனிலும் பெகுவிலும் வாழும் நம் தமிழர்கள் எளிதாகப் போய்வரக்கூடிய பெரிய நீர்நிலை அது. ரங்கூனிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர்; பெகுவைத் தாண்டிப் பழைய மாந்தளை சாலையில் பியின்போன்ஜி கிராமத்தை அடுத்து இருக்கிறது. பெகு-சித்தாங் கால்வாய்க்குத் தண்ணீர் தேக்குவதற்காக 1878-இல் ஆங்கிலேயர் அமைத்த நீர்த்தேக்கம் அது. 1988-இல் வனவிலங்குச் சரணாலயமானது. 2004-இல் பர்மாவின் முதல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பரப்பு 10,000 ஹெக்டேருக்குச் சற்று மேல். இவ்வளவு பரப்பில் தாமரையும் ஆகாயத்தாமரையும் கோரையும் கலந்து கிடப்பதால் பறவை எப்போதும் பாதி மறைந்தே தெரியும். முறையாகப் பார்க்கப் பழகியவருக்குத்தான் அந்த மீதிப் பாதி பேசும்.

புறப்படுவதற்கு முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகள் அப்போதுதான் கூட்டமாகத் தங்குகின்றன. சாலை நிலவரத்தை முதல் நாளே அங்கிருக்கும் தெரிந்தவர்களிடம் விசாரித்துக்கொள்ளுங்கள். இன்றைய சூழலில் இது கட்டாயம்.

8 மடங்கு பெரிதாக்கும் இருநோக்கி போதும். 10 மடங்கு பெரிதாக்குவதை ஆடும் படகில் கையில் பிடித்துப் பார்ப்பது கடினம். தொலைநோக்கியையும் முக்காலியையும் கரையில் நின்று பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளலாம். படகில் அவை சுமைதான். சிறிய குறிப்பேடும் பென்சிலும் கைபேசியைவிட முக்கியமானவை. ஈரக் கையோடும் பென்சிலால் எழுதலாம்.

மொயுன்ஜிக்குப் போவதற்கு முன் ரங்கூனிலேயே பழகுங்கள். இன்யா ஏரிக்கரையில் காலை நடை போகும்போது நீர்க்காகம், வெண்கொக்கு, மடையான் ஆகியவற்றை வெறும் கண்ணாலும் இருநோக்கியாலும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சாதாரணப் பறவைகளின் அளவும் அசைவும் மனத்தில் பதிந்திருந்தால்தான் வேறுபட்ட ஒன்று வரும்போது அது கண்ணில் உறுத்தும். பலர் இந்தப் பயிற்சியைத் தவிர்த்துவிட்டு நேரே பெரிய ஏரிக்குப் போய்விடுகிறார்கள். அது வருத்தத்துக்குரியது, ஏனென்றால் அரிய பறவை எதிரே மிதந்தாலும் அவர்கள் கவனிக்காமல் கடந்துவிடுவார்கள்.

படகில்: கையேட்டைத் திறக்காத நிமிடங்கள்

படகுக்காரரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: பறவைக் கூட்டம் தெரிந்ததும் தொலைவிலேயே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ள வேண்டும், சூரியன் நம் முதுகுப் பக்கம் இருக்கும்படி சுற்றிப் போக வேண்டும். வயதில் மூத்தவரைப் பெயருக்கு முன் 'ஊ' சேர்த்தும், ஏறக்குறைய நம் வயதுக்காரரைக் 'கோ' சேர்த்தும் கூப்பிட்டுப் பணிவாகக் கேட்டால் மனமுவந்து செய்வார்கள். ஏரியை அவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் யாரும் இல்லை. எந்தப் பறவை ஆண்டு முழுவதும் இருக்கிறது, எது குளிரில் மட்டும் வருகிறது என்று அவர்களிடம் கேட்டாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வெளிச்சத்தைப் பற்றி நான் பிடிவாதமாக இருக்கிறேன். சூரியனுக்கு எதிரே மிதக்கும் எந்த வாத்தும் கறுப்பாகத்தான் தெரியும். மாலைச் செவ்வொளியில் சாம்பல் நிறத் தலைகூட இளஞ்சிவப்பாக மாறிவிடும். அப்படிப் பார்த்த நிறத்தைக் குறிப்பில் எழுதினால் பக்கத்திலேயே வெளிச்சம் எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள்.

இனி பறவையைப் பாருங்கள். பறவைப் படங்கள் உள்ள கையேட்டை எடுக்க வேண்டாம். கையேட்டைத் திறந்த மறுகணமே மனம் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துவிடும்; அதன் பிறகு பறவையில் இல்லாத கோட்டையும் கண் பார்க்கத் தொடங்கும். பார்த்ததை இந்த வரிசையில் எழுதுங்கள்.

முதலில் அளவு. சென்டிமீட்டரில் ஊகிக்காதீர்கள், பக்கத்தில் மிதக்கும் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள். 'நாமக்கோழியைவிடச் சிறியது', 'ஊசிவால் வாத்தின் பாதி' என்று எழுதினால் போதும். நாமக்கோழி சுமார் 40 சென்டிமீட்டர், முக்குளிப்பான் 27, குள்ளத்தாரா 33 என்பதைப் பின்னால் வீட்டில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது உருவம்: கழுத்து நீளமா, உச்சந்தலை கூம்பாக இருக்கிறதா அல்லது வட்டமா, வால் நீருக்கு மேலே தூக்கியிருக்கிறதா அல்லது நீரைத் தொடுகிறதா, உடல் எவ்வளவு ஆழ்ந்து மிதக்கிறது.

பிறகு நடத்தை. முழுதாக மூழ்குகிறதா, தலையை மட்டும் நீரில் விட்டு வாலை மேலே நிறுத்துகிறதா? எழும்போது நின்ற இடத்திலிருந்தே விர்ரென்று கிளம்புகிறதா, நீர்மேல் ஓடி ஓடி எழுகிறதா? ஊசிவால் வாத்து போன்ற மேய்ச்சல் வாத்துகள் நேராக எழும்பும். மூழ்கி இரை தேடும் வாத்துகளும் நாமக்கோழியும் ஓடித்தான் எழும். இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே கையேட்டில் பல பக்கங்களைத் தள்ளிவிடலாம்.

அலகின் வடிவமும் நிறமும் அதற்கடுத்து. உடலின் நிறத்தைக் கடைசியாக எழுதுங்கள். புதிதாகப் பார்ப்பவர்கள் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். ஒளியும் வயதும் பருவமும் எளிதில் மாற்றிவிடுவது நிறத்தைத்தான்.

பறவை எழுந்து பறந்தால் இருநோக்கியை இறக்கவே கூடாது. மிதக்கும்போது மறைந்திருந்த இறக்கைப் பட்டை, பிட்டத்தின் வெள்ளை, கால் வாலைத் தாண்டி நீள்கிறதா என்பதெல்லாம் அந்தச் சில நொடிகளில்தான் தெரியும்.

எந்தக் குடும்பம்?

இனத்தின் பெயருக்கு அவசரப்படாமல் குடும்பத்தை முடிவு செய்யுங்கள். நீரில் மிதப்பவற்றில் தட்டையான அலகு என்றால் வாத்து. கூரான அலகும் வாலே இல்லாததுபோன்ற பின்பக்கமும் என்றால் முக்குளிப்பான். நுனி கொக்கிபோல் வளைந்த அலகு என்றால் நீர்க்காகம். உடல் முழுதும் நீருக்குள் இருக்கக் கழுத்து மட்டும் வெளியே தெரிந்தால் பாம்புத்தாரா. கறுப்பு உடலில் வெள்ளை நெற்றிப் பட்டை இருந்தால் நாமக்கோழி. நீண்ட விரல்களால் இலைமேல் நடந்தால் இலைக்கோழி.

பறக்கும் பெரிய பறவைக்குக் கழுத்தைப் பாருங்கள். கொக்கு வகைகள் கழுத்தை மடித்துப் பறக்கும். நாரையும் அரிவாள்மூக்கனும் சாரசமும் நீட்டிப் பறக்கும். இதில் ஒரு விலக்கு உண்டு. பெருநாரைகள், அதாவது தலையும் கழுத்தும் மொட்டையாக இருக்கும் அந்தப் பெரிய வகை, நாரையாக இருந்தும் கழுத்தை உள்ளிழுத்தே பறக்கும். கூழைக்கடாவும் அப்படித்தான்.

வேடம் மாறிய ஊர்ப் பறவைகள்

வழிகாட்டியின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். மொயுன்ஜியில் 'விசித்திரமான பறவை' என்று தோன்றுபவற்றில் மிகப் பெரும்பாலானவை கீழே உள்ளவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

வலசை வாத்துகளில் ஆண் பறவை இனப்பெருக்கம் முடிந்ததும் பகட்டான இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போன்ற பழுப்பு நிறத்துக்கு மாறுகிறது. பறக்க உதவும் இறகுகளும் அந்தச் சமயத்தில் ஒரேயடியாக உதிர்வதால் சில வாரங்கள் அதனால் பறக்க முடியாது. மங்கல் நிறம் அப்போது அதற்குப் பாதுகாப்பு. நம் ஏரிக்கு வந்து சேரும்போது பல ஆண்கள் அந்தக் கோலத்திலேயோ, பாதி மாறிய நிலையிலேயோ இருக்கின்றன. ஊசிவால் வாத்து விரைவில் மாறிவிடும். நீலச்சிறகி வாத்து குளிர்காலத்தின் பெரும்பகுதியைப் பழுப்பாகவே கழிக்கும். கையேட்டில் ஆணுக்குக் கண்மேல் அகன்ற வெள்ளை வில் வரைந்திருப்பார்கள். டிசம்பரில் அதைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கண் வழியாக ஓடும் கருங்கோடு, அலகின் அடியில் வெளிறிய பொட்டு, பறக்கும்போது முன்சிறகில் தெரியும் சாம்பல் கலந்த நீலம் ஆகிய மூன்றையும் பாருங்கள். சிறிய உடலோடு இவை சேர்ந்திருந்தால் அது நீலச்சிறகிதான்.

நீளவால் இலைக்கோழி இன்னொரு புதிர். மழைக்காலத்தில் கறுத்த நீண்ட வாலும் பொன்னிறப் பிடரியுமாக அரசகுமாரியைப் போல நடக்கும் பறவை, குளிர்காலத்தில் வாலை இழந்து பழுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக மாறிவிடுகிறது. மார்பில் கருந்தாலி கட்டியதுபோன்ற கோடு மட்டும் எஞ்சும். தாமிர இறக்கை இலைக்கோழியின் இளம் பறவையும் அதே சாயலில் வெள்ளை வயிற்றோடு நடப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு. பறக்கட்டும் என்று காத்திருங்கள். இறக்கை பளீரென்று வெள்ளையாக விரிந்தால் நீளவால்; இருண்டிருந்தால் தாமிர இறக்கை.

தண்ணீர்க்கோழி ஆண் இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பு உடலும் நெற்றியில் சிவப்புக் கொம்பும் கொண்டது. மற்றக் காலத்தில் கொம்பும் இல்லை, கறுப்பும் இல்லை; பெண்ணைப் போலவே வெளிறிய பழுப்பு. முக்குளிப்பானும் கழுத்தின் செம்பழுப்பை இழந்து மணல் நிறமாகிவிடும். நீலத்தாழைக்கோழியின் குஞ்சு வளர்ந்து வரும்போது நீலம் ஏறாமல் சாம்பலாக இருக்கும். நத்தைகுத்தி நாரையின் இளம் பறவைக்கு அலகின் நடுவே அந்தப் புகழ்பெற்ற இடைவெளி இன்னும் உருவாகியிருக்காது; வெறும் அலகோடு நிற்கும் சாம்பல் நாரை யாரையும் குழப்பிவிடும். சுற்றிலும் பெரிய நத்தைகுத்திகள் நின்றால் அதன் பெற்றோரைத் தேட வேண்டியதில்லை.

பக்கத்து வயல்களில் மேயும் வளர்ப்பு வாத்துகள் ஏரிக்குள் இறங்குவதும் உண்டு. வெள்ளையும் கறுப்பும் திட்டுத் திட்டாக, கனத்த உடலோடு, படகைக் கண்டு அஞ்சாமல் மிதந்தால் முதலில் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். குறிப்பாக மணிலா வாத்து. அதன் முகத்தில் சிவப்பாகச் சுருங்கிய வெற்றுத் தோல் இருக்கும். அதே அளவிலான காட்டுப் பறவை ஒன்றும் உண்டு: ஆணின் அலகின்மேல் பெரிய கறுப்புப் புடைப்புள்ள வாத்து. இதன் முகத்தில் சிவப்புத் தோல் இல்லை. வெள்ளைத் தலையிலும் கழுத்திலும் கறுப்புப் புள்ளிகள் தெளித்திருக்கும், வயிறு தூய வெள்ளை. இது உண்மையிலேயே குறிப்பிடத்தக்க பறவை. மணிலா வாத்து என்று அலட்சியமாகத் தள்ளிவிடாதீர்கள்.

சீழ்க்கை வாத்துகளிலும் இப்படி ஒரு சோதனை காத்திருக்கிறது. சிறிய சீழ்க்கை வாத்து எங்கும் கூட்டமாக இருக்கும். அந்தக் கூட்டத்தில் சற்றுப் பெரிய ஒன்று, விலாவில் வெள்ளைக் கீற்றுகளோடு தெரிந்தால், எழும்போது வால் தொடங்கும் இடத்தின் மேற்புறத்தைப் பாருங்கள். அங்கே வளைவான வெள்ளைப் பட்டை இருந்தால் அது பெரிய சீழ்க்கை வாத்து. பட்டை இல்லாமல் செம்பழுப்பாக இருந்தால் சிறியதே.

விடையே கிடைக்காத பறவைகளும் உண்டு. மடையானை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் இந்திய மடையானும் சீன மடையானும் இரண்டுமே இருக்கின்றன. ஏப்ரல் வாக்கில் இனப்பெருக்க இறகு வந்துவிட்டால் சீன மடையானின் தலையும் கழுத்தும் அடர்ந்த செந்நிறமாகவும், இந்திய மடையானின் தலை வெளிர் மஞ்சளாகவும் எளிதாகப் பிரிந்துவிடும். டிசம்பரில் இரண்டும் ஒரே கோடுபோட்ட பழுப்பு. அப்போது 'மடையான், இனம் தெரியவில்லை' என்று எழுதுவதே சரியான பதிவு.

தமிழ்நாட்டுக் கையேடு பொருந்தாத இடங்கள்

ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் தமிழ்ப் பறவைக் கையேடுகள் நமக்குப் பெரிய வரம். பெயர்களைத் தமிழில் பழக அவற்றைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அவை இந்தியப் பறவைகளை வைத்து எழுதப்பட்டவை. புள்ளிமூக்கு வாத்துக்கு அலகின் அடியில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் என்று அவற்றில் இருக்கும். பர்மாவில் வாழும் கிளையினத்தில் அந்தச் சிவப்பு மிகச் சிறியதாகவோ அறவே இல்லாமலோ இருக்கலாம். அதனால் 'சிவப்பு இல்லை, எனவே வேறு பறவை' என்று முடிவுகட்ட வேண்டாம். கறுப்பு அலகின் நுனியில் மஞ்சளும், முதுகின் பின்பகுதியில் மிதக்கும்போதே தெரியும் வெள்ளைத் தீற்றலும் இருந்தால் அது புள்ளிமூக்கு வாத்து.

சாரசமும் அப்படியே. இந்தியப் பறவைக்குச் சிவப்புத் தலைக்குக் கீழே கழுத்தில் வெள்ளை வளையம் உண்டு. இங்குள்ள கிழக்குக் கிளையினத்தில் அது இல்லை, உடல் முழுதும் ஒரே சாம்பல்.

சோதனைகளில் தப்பினால்

இப்போதுதான் அரிய பெயர்களைப் பேச வேண்டும். மொயுன்ஜிக்கு வருபவர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

பேயர் வாத்து. மூழ்கி இரை தேடும் வாத்து. உலகில் எஞ்சிய முதிர்ந்த பறவைகள் 1,000-க்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. மிக ஆபத்தான அழிவுநிலையில் உள்ளதென 2012-இல் பட்டியலிடப்பட்டது. சீனாவிலும் ரஷ்யாவின் தூரக்கிழக்கிலும் கூடுகட்டி, குளிரைக் கழிக்கத் தெற்கே வரும். பர்மாவின் ஏரிகள் அதன் பழைய தங்குமிடங்கள். ஆணின் தலை கருமையில் பச்சை மின்னும், கண் வெள்ளை, மார்பு செம்பழுப்பு. இதன் நெருங்கிய உறவான வெண்கண் வாத்தில் தலையும் மார்பும் ஒரே செம்பழுப்பு. வெண்கண் வாத்தின் உச்சந்தலை கூம்பாக எழும். குடுமி வாத்துக்கோ கண் மஞ்சள், பிடரியில் தொங்கும் குடுமி. பேயர் வாத்தின் தலைக்கும் மார்புக்கும் நிற வேறுபாடு தெளிவாகத் தெரிய வேண்டும். விலாவின் முன்பகுதியில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளை தெரிய வேண்டும். பேயரும் வெண்கண்ணும் கலந்த கலப்பினங்களும் இருப்பதால் ஒரு பக்கப் படம் போதாது. தலை, விலா, விரித்த இறக்கை மூன்றையும் படமெடுக்க முயலுங்கள்.

கொண்டை முக்குளிப்பான். நாமக்கோழியைவிடப் பெரியது, நீண்ட மெல்லிய வெள்ளைக் கழுத்து, ஈட்டிபோல் கூரிய அலகு. கையேட்டுப் படத்தில் இருக்கும் செம்பழுப்புக் கன்னச்சாமரம் குளிர்காலத்தில் இராது. பாம்புத்தாராவோடு குழம்ப வேண்டாம். முக்குளிப்பானின் உடல் நீருக்கு மேலே தெரியும், முன்கழுத்து வெள்ளை.

கூழைக்கடா. 1877-இல் பர்மாவில் பொதுப்பணித் துறையில் பணியாற்றிய யூஜீன் ஓட்ஸ் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர், மொயுன்ஜிக்கு அப்பால் விரியும் சித்தாங் சமவெளிக் காட்டில் மைல் கணக்கில் பரந்திருந்த கூழைக்கடாக் கூடுகளைப் பார்த்து எழுதினார். 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் குடியிருப்பு முற்றிலும் மறைந்துவிட்டது. அதனால் இந்த வட்டாரத்தில் ஒற்றைக் கூழைக்கடா தெரிந்தாலும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. மேல் அலகில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பார்த்து எழுதுங்கள்.

பெகுவின் சின்னமான அன்னத்தை எல்லோரும் அறிவோம்: ஆணின் முதுகில் பெண் அமர்ந்திருக்கும் ஹின்தா. பர்மியர் அந்தப் பெயரால் குறிப்பது, ஆரஞ்சுப் பழுப்பு உடலும் வெளிறிய தலையும் கொண்ட காவி வாத்தை. குளிர்காலத்தில் ஐராவதியின் மணல்திட்டுகளில் இணை இணையாக நிற்கும். பறக்கும்போது முன்சிறகின் வெள்ளை தொலைவிலிருந்தே தெரியும். ஏரியின் நடுவில் கண்டால் இடத்தையும் எண்ணிக்கையையும் குறித்துவையுங்கள்.

இளஞ்சிவப்புத் தலை வாத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. பர்மாவில் 1910 வாக்கில் கடைசியாகப் பதிவானது. கச்சின் மாநிலத்தின் இந்தோஜி ஏரிப் பக்கம் 2017-இல் ஒரு குழு தேடிப் போய்க் காணாமல் திரும்பியது. அது எங்கோ உயிரோடு இருக்க வேண்டும் என்று நானும் மனமார விரும்புகிறேன். அந்த விருப்பத்தாலேயே இங்கே கூடுதல் கண்டிப்பு தேவை. மாலை ஒளியில் புள்ளிமூக்கு வாத்தின் வெளிறிய தலையும் கழுத்தும், ஆரஞ்சுத் தலையும் சிவப்பு அலகும் கொண்ட செங்கொண்டை வாத்து ஆணும் இந்தக் கனவைத் தூண்டிவிடும். முதுகின் பின்பகுதியில் வெள்ளைத் தீற்றலோ, இறக்கையில் அகன்ற வெள்ளைப் பட்டையோ தெரிந்தால் கனவை அங்கேயே விட்டுவிடுங்கள்.

படமும் செயலியும்

மங்கலான படமாக இருந்தாலும் எடுங்கள். பக்கத்தில் வேறு பறவைகள் இருப்பதுபோல் எடுத்தால் அளவு புரியும். வெட்டிச் சிறிதாக்காத மூலப் படத்தை அழிக்காமல் வையுங்கள். படத்தைப் பார்த்துப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணை. ஆனால் பழுப்புப் பெண் வாத்துகளிலும் தொலைவுப் படங்களிலும் அவை உறுதியான குரலில் தவறான பெயரைச் சொல்லிவிடுவது உண்டு. செயலி சொன்ன பெயரை உங்கள் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, எந்த அடையாளம் பொருந்தவில்லை என்று தேடுங்கள். ஒரு முக்கியமான அடையாளம் முரண்பட்டால் அந்தப் பெயரை விட்டுவிடலாம்.

பதிவு செய்தல்

தேதி, நேரம், இடம், தொலைவு, வெளிச்சம், எத்தனை பேர் பார்த்தார்கள், என்னென்ன பறவைகளை எந்தக் காரணத்தால் விலக்கினீர்கள் என்பதை அன்று இரவே முழு வாக்கியங்களாக எழுதிவிடுங்கள். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பதிவுகளைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையத்தளத்தில் அரிய பறவையைப் பதிந்தால், பதிவுகளைச் சரிபார்ப்பவர்கள் இந்த விவரங்களைத்தான் கேட்பார்கள். விலக்கிய காரணங்களை எழுதியிருந்தால் பதிவு நிற்கும். 'மிகத் தெளிவாகப் பார்த்தேன்' என்பது மட்டும் இருந்தால் நிற்காது. பேயர் வாத்து போன்ற ஒன்றைக் கண்டால், சரணாலய ஊழியர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள். வலைவிரிப்பவர் காதுக்கு எட்டும்படி கரையிலுள்ள டீக்கடையில் இடத்தைச் சொல்ல வேண்டாம்.

பறவையின் காலிலோ கழுத்திலோ வளையம் இருந்தால் நிறத்தையும், எந்தக் கால் என்பதையும், எழுத்தோ எண்ணோ தெரிந்தால் அதையும் குறியுங்கள். வரித்தலை வாத்து போன்ற வலசைப் பறவைகளின் கழுத்தில் ஆய்வாளர்கள் நிற வளையம் மாட்டுவது வழக்கம். அந்த எண் கிடைத்தால் பறவை எங்கிருந்து கிளம்பியது என்றே தெரிந்துவிடும். இறந்து மிதக்கும் பறவையின் காலில் வளையம் தெரிந்தாலும் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சல் நீர்ப்பறவைகளில் பரவக்கூடியது. இருநோக்கியால் எண்ணைப் படித்துப் படமெடுத்துக்கொண்டு, இடத்தை ஊழியர்களிடம் தெரிவித்துவிடுங்கள்.